வெறுங்குலையில் விளைந்த கத்தரி

இன்று காலை உரக்குவியலைக் கிளறினேன். ஆவி பறந்தது, மழை விட்ட மண்ணின் வாசனை. ஓடிவந்து உன்னிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருடமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை பார்த்து, ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள் நாம். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் நம் அடுக்குமாடிக்குப் பின்னால் கிடந்த துண்டு நிலத்தின்மேல் நீதான் கண் வைத்தாய். சிமெண்டுக் கட்டியும் களிமண்ணும். மண்வெட்டி போட்டால் எகிறியது. நான் சிரித்தேன். நீ அக்கரையில் பைராம் தோட்டத்திலிருக்கும் உன் தம்பிக்குப் போன் போட்டாய். எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்தபின் ஒதுக்கும் செம்பனை வெறுங்குலைகளை அவர் மோட்டார் சைக்கிளில் மூட்டையாகக் கட்டிக் கடல் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார். நறுக்கிக் கோழி எருவோடு அடுக்கினோம்.

மழை பிடித்துக்கொண்டது. குவியல் நாறியது. கீழ்வீட்டு அண்ணன் ஆட்களோடு வந்து, சனிக்கிழமைக்குள் அள்ளாவிட்டால் தானே லாரி வைத்து அள்ளிவிடுவதாகச் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. விட்டுவிடலாம் என்றேன். நீயோ தணிந்த குரலில், "அண்ணே, தண்ணி கூடிப்போச்சு, அதான் நாத்தம். சனிக்கிழம நீங்களே வந்து மோந்து பாருங்க. அப்பவும் நாறுனா நானே அள்ளிடுறேன் லா" என்றாய்.

தினமும் புரட்டினோம். தச்சுப் பட்டறை மரத்தூளைக் கலந்து, மேலே தார்ப்பாய் கட்டினோம். சனிக்கிழமை அவர் வந்து குனிந்தார். நீ என் கையை இறுகப் பிடித்திருந்தாய். மோந்து பார்த்து, தலையாட்டிவிட்டு அவர் திரும்பிப் போனதும் சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம்.

குவியல் கறுத்துப் பொடியானதும் மண்ணில் கலந்து கத்தரி நட்டோம். அதே வாரம் உனக்கு நெஞ்சுவலி. முதல் பூவைக்கூட நீ பார்க்கவில்லை.

இப்போது அந்த மண் கையில் உதிர்கிறது, தெரியுமா? தோண்டினால் மண்புழு நெளிகிறது. கிளை தாங்காமல் காய்ப்பதால் முட்டுக்கொடுத்திருக்கிறேன். நேற்று கீழ்வீட்டு அண்ணனே கதவைத் தட்டினார். மனைவி வெண்டை போடுகிறாராம், ஒரு வாளி உரம் கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு வாளி கொடுத்தேன்.

பக்கத்து அடுக்குமாடி புளோக்கிலும் தோட்டம் போட்டுத்தரக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நம் நிலத்தைவிட மோசம், கல்லும் கண்ணாடித் துண்டும். இதில் என்ன முளைக்கும் என்று என் முகத்தையே பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று இழுப்பவள்தானே நான்?

"நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றேன். வாய் என்னுடையது, வார்த்தை உன்னுடையது.