மூக்கைப் பொத்தும் பருந்துப் பாண்டி

சேரன்மகாதேவி
19.6.1995

எய்யா,

பம்பாயில மழை பிடிச்சிருக்கும். நீயும் அம்மாவும் சுகந்தானே?

போன வருசத்தோட படக்கதை எழுதுததை நிறுத்திட்டேன். நம்ம பறக்குத பயல் பருந்துப் பாண்டியை இப்ப மெட்ராஸ்ல வேறொருத்தர் எழுதுதார். பத்து வயசுப் பாண்டியை இருபத்திரண்டு வயசு ஆளா ஆக்கப் போறேன்னார். "அண்ணாச்சி, அவன் இப்ப எதுக்குக் கோவப்படுவான்? யார்கிட்ட மனசுவிட்டுப் பேசுவான்?"னு கேட்டுக் கடுதாசி போட்டிருந்தார்.

எனக்கு என்ன தெரியும்? உன்னைப் பாத்துத்தான் பாண்டியை எழுதினேன். நீ அம்மாகூட ரயிலேறின பிறகு, பன்னிரண்டு வருசமா அவனுக்கு நான் வயசே ஏத்தல.

நான் பதில் போடுததுக்குள்ள, நேத்து அவர் எழுதின புத்தகமே வந்துட்டுது. மீசை வச்ச பாண்டி யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கான். இவன் நம்ம பயலே இல்லைன்னு எரிச்சலா இருந்துது. கடைசிப் பக்கத்துல, மாடியிலிருந்து பறக்கதுக்கு முன்னால, ரெண்டு விரலால மூக்கைப் பொத்துதான்! நீ படித்துறையிலிருந்து ஆத்துல குதிக்கும்போது பொத்துவியே, அதைப் பாத்து நான் பாண்டிக்குக் கொடுத்தது, அதேதான். காரணம் தெரியாமலே அதை மட்டும் விட்டுவச்சிருக்கார், புண்ணியவான்.

அவருக்கு இன்னும் பதில் எழுதல. நீ இப்பவும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் குதிப்பியா?

ஆத்துல தண்ணி நெறையப் போவுது.

அப்பா