அபியின் நோட்டில் லத்தீன்

மஸ்கட்டில் இருக்கும் என் மகன் ராஜீவுக்கு, கர்த்தர் கிருபையால் திருத்தணியில் சுகமாயிருக்கும் அம்மா பிரேமகுமாரி எழுதுவது. நீயும் மருமகளும் சுகமா?

போனில் பேசினால் உன் மகள் அபிகாயில் பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் கே.ஜி.கண்டிகை பரசுராமன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் அபியின் சயின்ஸ் நோட்டைப் புரட்டினேன். நான் படித்தது அஞ்சாவதுதான். ஆனாலும் சபையில் வேதம் வாசிக்க இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மானுஸ் என்றால் கை, டென்ஸ் என்றால் பல், ஆன்னுஸ் என்றால் வருஷம் என்று கடைசியில் எட்டுப் பக்கம், தமிழிலும் எழுதி வைத்திருக்கிறாள். என்ன பாஷை என்றேன். லத்தீனாம். சந்திரா மிஸ் சொல்லித் தருகிறாராம்.

எனக்குத் திக்கென்றது. ஆர்.சி. கோயிலில் அந்தக் காலத்தில் பூசை வைத்த பாஷை அது என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார். நாம் நாலு தலைமுறையாய்ப் புராட்டஸ்டண்டு. யாரோ பிள்ளையை மெல்ல இழுக்கிறார்கள், நாளைக்கு மடத்துக்குப் போகிறேன் என்று வந்து நிற்பாள் என்று பயந்தேன். அவளைக் கேட்டால், “ஸ்கூல்ல பாதி லத்தீன்தான் ஆயா. லேப் மேனுவல், ஆனுவல் டே, எல்லாம் அதுலருந்து வந்துதுதான். எங்க நைனா கணக்குல சென்டம்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருக்கியே, அதுகூட லத்தீன்தான்” என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒளிவு இருந்தது.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். கன்னியாஸ்திரீ யாராவது வருவார் என்று பார்த்தால், நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மாள் வந்தார். அவர்தான் சந்திரா மிஸ். நான் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். “கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறுறவங்க நானு! நானா உங்க பேத்திய மதம் மாத்துவேன்? டாக்டருக்குப் படிக்கணும்ன்றா. அந்தப் படிப்புல லத்தீன் வார்த்தை நெறைய வருங்க. வேர் தெரிஞ்சா அவளே பிரிச்சுப் புரிஞ்சிக்குவா” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். “மஸ்கட் ஸ்கூல்ல சேர்றப்ப திணறக் கூடாது பாருங்க” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ போன மாசமே டி.சி. கேட்டு மெயில் போட்டிருக்கிறாயாம்.

வீட்டுக்கு வந்து அபியிடம் கேட்டேன். “ஆயாகிட்ட இப்ப சொல்லாதன்னு நைனாதான் சொன்னாரு” என்று அழுதுவிட்டாள்.

ஆர்.சி.க்காரர்களைச் சந்தேகப்பட்டேன், டீச்சரைச் சந்தேகப்பட்டேன். பெற்ற மகனைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, ராஜீவ். நான் குறுக்கே விழுவேன் என்றா நினைத்தாய்? ஆறு வருஷமாய் அவளுக்குத் தலை பின்னி அனுப்புகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாயோ என்று இப்போது உன் பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பிள்ளை தாய் தகப்பனோடு இருப்பதுதான் நியாயம். டி.சி.க்கு நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கித் தருகிறேன். பரீட்சை முடிந்த மறுநாளே மட்டும் டிக்கெட் போட்டுவிடாதே. மே மாசம் முழுக்க விட்டு வை.

கர்த்தர் உங்கள் மூவரையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்துக் காப்பாராக.

அம்மா
பிரேமகுமாரி