டிரான்ஸ்ஃபார்மருக்காக மாட்டிய கண்ணாடி

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு வாசலில் பெயின்டர் ஸ்டூல் போட்டு ஏறி, நிலைக்கு மேலே இருந்த எட்டு மூலைக் கண்ணாடியைக் கழற்றினார். சிவப்பும் பச்சையும் பூசிய மரச்சட்டம், நடுவில் பிதுங்கிய சின்னக் கண்ணாடி. எடுத்த இடத்தில் மட்டும் சுவரின் பழைய மஞ்சள் வெளுக்காமல் இருந்தது. வீட்டை விற்பதற்காக உங்கள் மகன் ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்து, "ஆன்ட்டி, அம்மா ஞாபகமா இத நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று நீட்டினான்.

"வேணாம்பா" என்றேன். அவன் முகத்தில் குழப்பம். கடைசி இரண்டு வருடம் நாம் ஏன் பேசவில்லை என்பதை நீங்கள் அவனிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கம்பைநல்லூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் தமிழ், நான் அறிவியல். பதினெட்டு வருடம் அரூரிலிருந்து ஒரே பஸ். யார் முதலில் ஏறினாலும் ஜன்னலோரம் உங்களுக்கு. காற்று படாவிட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். இந்தத் தெருவில் மனை போட்டபோது அடுத்தடுத்த மனை கிடைக்கவில்லை என்று நான் வருத்தப்பட்டேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: "எதிர் வூடுதான் கண்ணு நல்லது. கதவத் தொறந்தா ஒம் மூஞ்சி தெரியும்."

உங்களுக்குக் கெட்ட காலம் வந்தது. மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. நாலு மாதம் படுக்கை, வேலை போனது. நிச்சயித்த பெண் வீட்டாரும் பின்வாங்கினார்கள். அந்த நாட்களில் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலையே பார்த்தபடி வருவீர்கள். யாரோ சொல்லி, சேலத்திலிருந்து வாஸ்துக்காரர் ஒருவரை வரவழைத்தீர்கள். அவர் சீன முறையும் பார்ப்பவர். செல்போனில் திசை பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். அடுத்த வாரம் உங்கள் வராந்தாவில் காற்றில் கிணுகிணுக்கும் மணிக்குழல்கள் தொங்கின, மூங்கில் கன்று வந்தது, நிலைக்கு மேலே இந்தக் கண்ணாடி ஏறியது.

"இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"டிரான்ஸ்ஃபார்மருக்கு, கண்ணு. அது வாசல்ல நிக்கக் கூடாதாம். அதோட வேகத்த இது திருப்பி வுட்டுருமாம்."

நான் சிரித்தேன். "குவியாடிக்கா இது. பஸ் டிரைவர் பின்னாடி பாக்கற கண்ணாடி" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் தெருமுனையில் இடது பக்கம் நிற்கிறது. கண்ணாடியோ நேர் எதிரே பார்த்தது. அதற்குள் என் வீடு குட்டியாக, வளைந்து தெரிந்தது. வருடா வருடம் ஒளியியல் பாடம் நடத்துகிறவளுக்கு அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் மேல் சந்தேகப்படும் பழக்கமே எனக்கு இல்லை.

அந்த வருடம்தான் வளைகாப்பு முடித்து என் மகளை அழைத்து வந்தோம். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அடங்கிப் போனது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் நீங்கள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். கரைத்த சோறும் மிளகு ரசமும் கொண்டுவந்து அவளுக்கு ஊட்டினீர்கள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா இருக்கறன் சாமி" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். என்னைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள். நான் அப்போது நினைத்தேன், கூடப் பிறந்தவள் இருந்தால் இப்படித்தான் இருப்பாள் என்று.

இரண்டு மாதம் கழித்து, தெருக்கோடியில் புதுமனை புகுவிழா. அந்த வாஸ்துக்காரர் அங்கேயும் வந்திருந்தார். பந்தலில் நாலைந்து பேருக்குத் தன் வேலையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"அதோ, அந்த மஞ்ச வூட்டு டீச்சரம்மாவுக்கு ரொம்பக் கஷ்டங்க. எதிர் வூட்டு மாடிப்படி ரூமு இருக்குது பாருங்க, அதோட கூர்மூலை இவங்க வாசல அம்பு மாதிரி குத்திக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடியப் போட்டு அப்படியே திருப்பி வுட்டுட்டோம்."

"எங்க திருப்பி விட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

"வந்த எடத்துக்கேதாங்க. டீச்சரம்மாகிட்ட அப்பவே சொன்னன், எதிர் வூட்டுக்காரங்க தெரிஞ்சவங்கன்னா யோசிச்சு மாட்டுங்கன்னு. பரவால்ல, மாட்டிருங்கன்னாங்க."

எங்கள் மனை கொஞ்சம் கோணல். அதனால் மாடியில் அந்த மூலை உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் அதன் குற்றம்.

சாப்பிடாமல் நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"டிரான்ஸ்ஃபார்மருக்குன்னு சொன்னீங்களேக்கா."

நீங்கள் தலை நிமிரவில்லை. இன்னொரு மொச்சையை உரித்துக்கொண்டே, "எம் பையன நான் பாக்க வேணாமா?" என்றீர்கள்.

"எம் பொண்ணு?"

முறம் மடியிலிருந்து சரிந்தது. "அதுனால ஒண்ணும் ஆகல கண்ணு. நீயே சொன்னியே, அது வெறும் கண்ணாடின்னு."

"எனக்கு வெறும் கண்ணாடிதான். நீங்க நம்புனீங்க. எங்க வூட்டுக்குத்தான் வரும்னு தெரிஞ்சேதான் மாட்டுனீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மூலைய நானே இடிச்சிருப்பன்."

"வூட்ட இடின்னு எப்படிக் கேக்கறது?" என்றீர்கள், மெல்ல. அதைக் கேட்கத்தான் உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

கண்ணாடியால் என் பேரக்குழந்தை போகவில்லை. இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். ஆனால் என் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் நீங்கள் உங்கள் கண்ணாடிக்குக் கீழே நின்று, "சாப்டியா சாமி?" என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் அழுத அழுகை எதற்கு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாசமா, பயமா?

மறுநாள் காலை அது அங்கே இருக்காது என்று நம்பிக் கதவைத் திறந்தேன். இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஒரு மாதம் தினமும் அப்படிப் பார்த்திருப்பேன். மாட்டியதைக்கூட ஒரு தாயின் பயம் என்று ஒதுக்கியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்த பிறகும் நீங்கள் அதைக் கழற்றவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஏழே முக்கால் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன்.

போன ஆடியில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே நீங்கள் விழுந்தீர்கள் என்றார்கள். நான் வந்தேன். மாலை போட்டேன். அழுகை வரவில்லை. தெருவே என்னைப் பார்த்தது.

இன்று சாயங்காலம் என் மகள் போன் செய்தாள். அவளுக்கு இப்போது ஒன்றரை வயதில் ஒரு பெண் இருக்கிறாள். உங்கள் வீட்டை விற்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அதைக் கேட்டதும், "அந்த மூணு நாளு பெரியம்மா மட்டும் இல்லன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டம்மா. அவங்க மாதிரியே யாராச்சும் அங்க குடி வந்தா ஒனக்கு நல்லாருக்கும்" என்றாள்.

அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. சொன்னால் அந்த மூன்று நாளில் அவளைத் தாங்கிய மடியும் அவளுக்கு இல்லாமல் போகும். குழந்தையை இழந்தவளிடமிருந்து அதையும் பிடுங்க என்னால் ஆகாது.

"ஆமா கண்ணு, வந்தா நல்லாருக்கும்" என்றேன்.

என் மகளிடம் உங்கள் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன், அக்கா. சாகும்வரை பார்த்துக்கொள்வேன். அதை மன்னிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.