தண்ணீர் கலந்த மருந்து

1932 மார்ச் 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. இடுப்பு பிடித்துக்கொண்டு விடவில்லை. டிஸ்பென்சரியில் நின்றபடியே இருபத்தேழு பேருக்கு மிக்ஸ்சர் கலந்து கொடுத்தேன். கப்பல் படித்துறையில் வழுக்கி விழுந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் இடது காலில் நெருப்பு இறங்குவது போல்தான் இருக்கிறது. டாக்டர் திருநாவுக்கரசு எனக்கு எழுதிக் கொடுத்தது காலையில் பத்து சொட்டு அபின் மருந்து, மாலையில் பத்து சொட்டு. இன்று எவ்வளவு குடித்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 9

எழுதிவிடுகிறேன். அறுபது.

மார்ச் 12, சனி

என் புட்டி மாதம் முடியுமுன் காலியாகிவிடுகிறது. மருந்து அலமாரியின் சாவி என்னிடம்தான். பெரிய புட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். நாலு மாதமாக இதுதான். முதல் தடவை கதவைத் தாழிட்டுக்கொண்டேன். இப்போது தாழிடுவதில்லை.

பதினாறு வருஷக் கம்பவுண்டர். “சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு கூடாது” என்று தினம் எத்தனை பேரிடம் சொல்கிறேன்! இன்று நூர்ஜானிடமும் சொன்னேன். அவள் தாயார் காமாரியா, ஆயர் ஈத்தாம் சந்தையில் துணி விற்றவர். கர்ப்பப்பையில் புற்று. அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேளைக்குப் பதினைந்து சொட்டு.

அதே பெரிய புட்டியிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 17, வியாழன்

காமாரியாவை ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டி வந்தார்கள். மருந்து கொஞ்சமும் கேட்கவில்லையாம். டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: “இந்த அளவுக்குக் கேக்காம இருக்காது, பிச்சைமுத்து. அபின் ருசி கண்டுட்டாங்க போல. கொஞ்சம் நடிக்கிறாங்க.”

நான் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் குச்சி குச்சியாக இருந்தன. “தம்பி, நான் நடிக்கலன்னு டாக்டர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க. அல்லா மேல ஆணை, தாங்க முடியல.”

“சொல்றேம்மா” என்றேன்.

சொல்லவில்லை.

மார்ச் 23, புதன்

நூர்ஜான் அழுதுகொண்டு வந்தாள். டாக்டர் மனமில்லாமல் நாற்பது சொட்டாக உயர்த்தி எழுதினார். நாற்பது என்றால் என்ன, பாதி தண்ணீர்தானே என்று எனக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு சரியாக வந்ததில் ஒரு நிம்மதி வேறு. நான் என்ன மனுஷன்?

நவமணி கேட்டாள், “ஏங்க, கண்ணெல்லாம் ஏன் இப்படிச் சொருகுது?” தூக்கம் போதவில்லை என்றேன். பதினெட்டு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். நம்பினாள். அல்லது நம்பியது போல இருந்தாள்.

மார்ச் 30, புதன்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் டிஸ்பென்சரிக்குப் போனேன். மேசையில் ஒரு புதிய புட்டி, அரக்கு உடைத்திருந்தது. டாக்டர் நிமிராமலே சொன்னார்: “நூர்ஜான் வந்துட்டுப் போயிட்டா. பழசு தீந்துபோச்சு. நானே புதுசு ஒடைச்சு ஊத்திக் குடுத்துட்டேன்.”

நாற்பது சொட்டு. தண்ணீர் கலக்காத நாற்பது சொட்டு.

அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். டாக்டரின் கார் வாசலில்தான் நின்றது. கால் மணியில் போயிருப்பார். நான் என்ன செய்தேன்? வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஆயர் ஈத்தாம் டிராமில் ஏறினேன். லேபிளில் அளவு தப்பாக விழுந்துவிட்டது, பதினைந்துதான் என்று சொல்லிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது — வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்தேன்.

வாசலிலேயே நூர்ஜான் எதிர்ப்பட்டாள். “அண்ணே! இப்பத்தான் குடுத்தேன், உம்மா அசந்து தூங்குறாங்க. எத்தனை நாளாச்சு இப்படித் தூங்கி!” அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதை நான் என் ஆயுசுக்கும் மறக்க முடியாது.

உள்ளே போய்ப் பார்த்தேன். உதடு நீலம். இமையைத் தூக்கினால் கண்மணி ஊசிமுனை. மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு ஆறு. அப்போதும் நாக்கு அந்த லேபிள் கதையைத்தான் தேடியது. பிறகு எப்படி ஓடினேன், தெரியவில்லை. முக்குச் சீனர் கடையில் டெலிபோன் இருந்தது.

“ஐயா, நாலு மாசமா நான் மருந்தைத் திருடிட்டேன்யா. பழைய புட்டியில பாதி தண்ணி. இவங்களுக்குப் புதுசு... நாப்பது போயிடுச்சுய்யா.”

அந்தப் பக்கமிருந்து ஒரே கேள்வி: “மூச்சு எத்தனை?”

“ஆறு.”

“தூங்க விடாதே. வர்றேன்.”

நானும் நூர்ஜானும் அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைத்தோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம், கன்னத்தில் தட்டினோம். “உம்மா, முழிச்சிக்க உம்மா, என்னப் பாரு உம்மா” என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். டாக்டர் வந்து ஊசி போட்டார். இரண்டு தடவை மூச்சு நின்றே போய் மறுபடி வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் கண் திறந்தார்.

மார்ச் 31

டாக்டர் என்னைக் காரில் கூட்டிப் போய் அந்த வீட்டில் நிறுத்தினார். “நீயே சொல்லு” என்றார்.

சொன்னேன். நூர்ஜானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெதுவாகத்தான் கேட்டாள்: “அப்ப எங்க உம்மா இத்தனை நாளாத் துடிச்சது... அதுவும் உங்களாலதானா?”

“ஆமாம்மா.”

அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

டாக்டர் கட்டிலருகே குனிந்து, “நீங்க நடிக்கல. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றார். அந்த அம்மாள் அழுதார். அந்த மன்னிப்பு என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. அதையும் இன்னொருவர் கேட்கும்படி ஆயிற்று.

ஏப்ரல் 2, சனி

வேலை போகும், போலீசுக்கும் போக வேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் போனேன். டாக்டர் அலமாரிச் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் கட்டுப் போடுவதும் சீட்டு எழுதுவதும்தான் என் வேலை. மருந்தை நான் தொடக் கூடாது.

பிறகு, “சட்டையக் கழட்டு, இடுப்பப் பாக்கணும்” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “உன் வலி பொய்யில்ல, பிச்சைமுத்து. முந்தியே பத்து சொட்டு பத்தலன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். சட்டுன்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். ஆனா அளவு நான் வைப்பேன், புட்டி உன் கையில இருக்காது.”

நவமணியைக் கூப்பிட்டு விட்டார். அவள் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்: “வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்றதுல என்னங்க வெக்கம்?”

ஏப்ரல் 10, ஞாயிறு

மூக்கு ஒழுகுகிறது. ஓயாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு. தோலெல்லாம் புல்லரிக்கிறது. நவமணி தன் பெட்டியைத் திறந்து, டாக்டர் அவளிடம் கொடுத்த புட்டியிலிருந்து எண்ணி ஊற்றி, மறுபடி பூட்டுகிறாள். இன்னும் ஐந்து சொட்டு கொடு என்று கெஞ்சினேன். மறுத்தாள். என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சுடுதண்ணீர்ப் பையைக் கொண்டுவந்து இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 4, புதன்

பதினெட்டு சொட்டுக்கு வந்திருக்கிறேன். வலி இருக்கிறது. தண்ணீர்மலை அடிவாரம் வரை நடந்து போய்த் திரும்பினேன்.

காமாரியாவுக்கு டாக்டர் புதிதாக அளவு பிடித்திருக்கிறார். நன்றாகக் கேட்கிறதாம், உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாராம். நான் கேட்கவில்லை, டாக்டரே சொன்னார்.

ஜூன் 12, ஞாயிறு

காமாரியா வெள்ளிக்கிழமை காலமானார். கடைசி வாரம் வலி இல்லாமல், பேச்சோடு இருந்தாராம். ஜனாஸா ஊர்வலத்துக்குப் போய்த் தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 17, வெள்ளி

டாக்டர் ஒரு வீட்டுக்கு நோயாளி பார்க்கப் போயிருந்தார். நான் தனியாகச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நூர்ஜான் வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு புட்டி. முக்கால் நிறைந்திருந்தது.

“மிஞ்சினத வீட்ல வெச்சிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க” என்று மேசைமேல் நீட்டினாள்.

அந்த நிறம், அந்த வாசனை. வாயில் எச்சில் ஊறியது. உள்ளதை எழுதுகிறேன் — ஊறியது.

“எங்கிட்ட குடுக்காதம்மா” என்றேன். “டாக்டர் வர்ற வரைக்கும் நீயே வெச்சிரு.”

அவள் புட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் சீட்டுகளை அடுக்கினேன். அதுவரை அவள் எழுந்து போகவில்லை.