கூப்பிட்டும் வராதவர்

அக்கா,

உன் அலுமாரியை இன்றுதான் திறந்தேன். நீ போய் ஆறு மாதமாகத் திறக்கக் கை வரவில்லை. அடித்தட்டில், பூச்சி உருண்டை மணத்தோடு, மச்சானின் நீலக்கோடு போட்ட சேட்டு. தோய்த்தால் ஆள் போய்விடும் என்பாயே, காலர் அழுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

பெரியகல்லாற்றிலிருந்து கடலுக்குப் போன மச்சான், உன் புருஷன், திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தச் சேட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செத்தவரைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்களைத் தேடித் தேடிப் போனாய். ஞாயிறு பூசை தவறாத குடும்பம் நாம். பாதர் அறிந்தால் ஏசுவார் என்று பயந்துகொண்டே நானும் பின்னால் வந்தேன். மற்றவர்கள் செத்தவர் வரவேண்டும் என்று போவார்கள். நீயோ வரக்கூடாது என்று போனாய். கூப்பிட்டும் வராவிட்டால் ஆள் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான் உன் நியாயம்.

புளியந்தீவில் ஒரு பென்ஷன்காரர், மேசையில் எழுத்துகளை வட்டமாக அடுக்கி, நடுவில் கிளாசைக் கவிழ்த்து, நம் விரல்களை அதன்மேல் வைக்கச் சொன்னார். அரை மணி நேரமாகியும் கிளாஸ் அசையவில்லை. அவர் முகம் தொங்கிப் போயிற்று. நீயோ வெளியே வந்ததும் என் கையை நுள்ளினாய்.

"பாத்தியா புள்ள! அசைஞ்சுதா? மச்சான் எங்கயோ இரிக்கார்!"

அன்று எனக்குத் தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தந்தாய்.

இப்படி ஏழு வருஷம், அக்கா. ஒவ்வொரு பொழுதும் அவருக்கு ஒரு பீங்கானில் சோறு போட்டு மூடி வைத்தாய். தாய் தகப்பன் இல்லாத என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவட மச்சான் வரட்டும், அவர்தான் கையப் புடிச்சுக் குடுக்கோணும்" என்றாய். எனக்கு முப்பது நெருங்கியது. உன்மேல் பரிதாபமும் இருந்தது, கோபமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கோபம்தான் கூட.

நாவற்குடாவில் செத்தவர் குரலில் பேசும் ஒரு மனிசி இருந்தார். உன்னைக் கூட்டிப் போவதற்கு முதல் நாள் நான் தனியே பஸ் ஏறிப் போய், மச்சானின் இடக்கையில் விளக்குச் சுட்ட தழும்பையும் அவருடைய பாலைப்பழ ஆசையையும் சொல்லிக் கொடுத்தேன்.

"நான் பொய்க்குக் கதைக்கிற ஆள் இல்ல மகள்."

"அவ சோறு வைக்கிறத விட்டாப் போதும்" என்று அழுதேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் சேட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடினார். தழும்பைப் பற்றிச் சொன்னார். பாலைப்பழத்தைச் சொன்னார். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்:

"கடலுக்குப் போன அண்டைக்கு விடிய நான் உங்கள என்ன சொல்லி ஏசினன்?"

அது எனக்கே தெரியாத விஷயம். அந்த மனிசி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், திரும்ப மூடிக்கொண்டார். "அதெல்லாம் மறந்திட்டன்" என்றது குரல்.

நீ வாய்விட்டு அழுதாய். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் அழுகை. அன்றே வெள்ளைச் சீலை கட்டினாய், பீங்கானைக் கழுவிக் கவிழ்த்தாய். நாலாம் மாதம் எனக்குக் கலியாணம் நடந்தது.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நாற்பது வருஷம் உள்ளுக்குள் வெந்தேன். உன் கடைசிக் கிழமையில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"அந்த நாவற்குடா மனிசி உன்னப் பாத்தத நானும் கண்டன் புள்ள. உன்ட மச்சான் ஒண்டையாவது மறக்கிற ஆளா?"

"மறுகா, தெரிஞ்சும் ஏன்க்கா அழுதாய்?"

"அழாட்டி உனக்குக் கலியாணம் நடந்திருக்குமா?"

நம்பாத சாவுக்கு நாற்பது வருஷம் வெள்ளை கட்டியிருக்கிறாய். ஐயோ அக்கா, அதை எப்படித் தாங்குவேன்!

"பெரியம்மாவக் கூப்பிட்டுக் கதைக்க ஒருத்தர் இரிக்காராம், போவமா?" என்று நேற்று மகள் கேட்டாள். ஒண்ணா, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஆசைதான். சேட்டைத் தோய்க்காமலே மடித்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். உன்னைக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டு நீ வந்துவிட்டால், செத்துப்போனாய் என்று ஆகிவிடுமே.