தெரியாதுப்பா என்று சொல்

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் உண்மை என்று தெரிந்ததை மட்டும்தான் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் கேள்வியை முடிப்பதற்குள் உன் பதில் வந்து நிற்கும். காகிதத்தில்தான் உன்னால் குறுக்கே பேச முடியாது. உன் தங்கை இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள், கடைசி வரை படி.

பாட்டு டீச்சரின் குழுவுக்கு நம் தையல் கடையில் நாங்கள் தைத்துக் கொடுத்த நீல அங்கிகள் ஞாபகம் இருக்கிறதா? எந்தத் துணி வந்தாலும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அப்புறம்தான் அப்பா கத்தரியைத் தொடுவார். இது புதுத் தினுசுத் துணியாக இருந்ததால் உன்னைக் கேட்டேன், பெரிய துணி மில்லில் இருக்கிறாயே என்று. எந்தக் காலத்துல இருக்கீங்கம்மா, இதெல்லாம் சுருங்கவே சுருங்காது, நேரா வெட்டுங்க என்றாய். சரி, மகன் சொல்லிவிட்டான் என்று வெட்டினோம். ஒரே ஒரு முறை துவைத்ததும் டீச்சர் தன் அங்கியைப் போட்டுக்கொண்டே கடைக்குள் வந்து நின்றார். கை முழங்கைக்கு ஏறிக் கிடக்கிறது, முன்பக்கம் மூடவில்லை. இதப் போட்டுகிட்டு மூச்சு இழுத்தா பாட்டு வராதும்மா, தையல்தான் பிரியும் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் மருமகளிடம் போனில் புலம்பினேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஐயோ அத்தை, அவர் மில்லுல லாரி எப்ப வருது எப்ப போகுதுன்னு பாக்கறவர், துணியத் தொட்டே பாத்திருக்க மாட்டாரே என்றாள். என்னமோ நெசவையே கரைத்துக் குடித்தவன் மாதிரி பேசினாயே!

போகட்டும், அங்கியை மறுபடி தைத்துக்கொள்ளலாம். இப்போது சொல்வதைக் கேள். பதிலுக்குத் தைக்கிற அங்கிகளுக்குத் துணி வெட்டும்போதுதான் பார்த்தேன், சாக்பீஸ் கோடு ஒரு பக்கம், அப்பாவின் கத்தரி ஒரு பக்கம். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். தங்கையும் நானும் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, இந்த நிலைமையில் வெறும் சொட்டு மருந்து போதாது, ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் சரி என்று பையில் துண்டும் சோப்பும் எடுத்து வைத்தார். அப்புறம் எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் போட்டார். நீ என்ன சொன்னாய்? அதெல்லாம் வேண்டாம்ப்பா, சொட்டு மருந்தே போதும், ஆஸ்பத்திரியில அப்படித்தான் பயமுறுத்துவாங்க. டாக்டர் பெயராவது கேட்டாயா? எந்தக் கண் என்றாவது கேட்டாயா? லாரிக்கு நேரம் சொல்வது போல அப்பாவின் கண்ணுக்கும் சொல்லிவிட்டாய். அவர் பையைப் பிரித்துத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டார்.

நான் சண்டை போட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தினேன். தெரியாம எம்புள்ள பேசமாட்டான், உனக்கு எப்பவும் அவனக் குறை சொல்லணும் என்று என்னிடம்தான் கோபித்துக்கொண்டார். அங்கி விஷயத்திலும் துணியைத்தான் திட்டினார், உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு உன்மேல் இன்னும் ஆத்திரம் வருகிறது. தெரியாது என்று சொன்னால் உன் தலையிலிருந்து கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது. சின்ன வயதில் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டால் கெட்டிக்காரன் என்று ஊரே சிரித்தது, இப்போது நீ சின்னப் பையன் இல்லை.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீயும் வெயிலில் அலையாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், எவ்வளவு கோபமானாலும் அதை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்த கையோடு அப்பாவுக்குப் போன் போடு. எனக்குத் தெரியாதுப்பா, தெரியாமத்தான் சொன்னேன், டாக்டர் சொல்றபடி செய்யுங்க என்று சொல். வேறு விளக்கம் எதுவும் ஆரம்பிக்காதே. விளையாடாதடா என்பார், நம்ப மாட்டார். அவர் நம்பும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல். துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அம்மா