கண்ணை மூடினால் இருட்டு

1978 நவம்பர் 6

மூக்கம்மா இறந்துவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் இசபெல்லா மதியம் உறுதி செய்தார். சனிக்கிழமை பள்ளங்கி மலைச்சாலை வளைவில் ஜீப் மோதிச் சாய்ந்தவர். பார்த்த ஒரே சாட்சி நான். ஓட்டுநர் இறங்கி வந்து, "செத்துருச்சா?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போய்விட்டான். மூடுபனியில் வண்டி எண் தெரியவில்லை. எங்கள் பத்திரிகைக்கு நான் அனுப்பிய செய்தியில் ஓட்டுநரைப் பற்றி எழுதியது: நாற்பது வயது, கம்பளிக் குல்லாய், இடது புருவத்தில் தழும்பு.

நவம்பர் 9

மூக்கம்மாவின் கணவர் இருளப்பன் வந்தார்.

"கண்ண மூடுனா பூண்டு மூட்டையோட நிக்கிறா சார். ரவிக்கைல ஒட்டுன மண்ணு கூடத் தெரியுது. ஒங்களுக்கு அந்தப் பாவி மூஞ்சி வரலையா?"

மூடிப் பார்த்தேன். இருட்டு. 'தழும்பு' என்ற சொல் இருக்கிறது, முகம் இல்லை.

'அவர் உருவம் இன்னும் கண்முன் நிற்கிறது' — இரங்கல் செய்திகளில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அது வெறும் எழுத்து வழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன். மெய்யாகவே நிற்குமா?

நவம்பர் 10

மனைவி சூசையம்மாளிடம் சொன்னேன்.

"அப்ப என் மூஞ்சியும் வராதா?"

"முன்பல் கொஞ்சம் தூக்கல்னு தெரியும்."

"அது மட்டும் நல்லாத் தெரியும்! நாஞ் செத்தா மொத வேலையா போட்டோவ மாட்டுங்க."

சிரித்தாள். பிறகு எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.

கண்ணை மூடி, இறந்துபோன அம்மாவைத் தேடினேன். வெள்ளைச் சேலை, மூளிக்காது. எல்லாம் சொற்கள். அம்மா இல்லை.

நவம்பர் 14

சேனாதிபதி என்ற காய்கறி ஜீப் ஓட்டுநரைப் பிடித்திருக்கிறார்கள். இடது புருவத்தில் தழும்பாம்.

நவம்பர் 21

சிறையில் மாஜிஸ்திரேட் முன் அடையாள அணிவகுப்பு. தழும்பு தெரியக்கூடாதென்று சேனாதிபதியோடு வரிசையில் நின்ற அத்தனை பேர் புருவத்திலும் பிளாஸ்திரி. என்னிடம் இருந்த ஒரே சொல்லையும் ஒட்டி மறைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை.

"இவர்களில் இல்லை" என்றேன்.

வெளியே சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரராஜ், "என்ன சார், நீங்க எழுதுனத வச்சுத்தான ஆளையே புடிச்சோம்!"

இருளப்பன் என்னைப் பார்க்காமல், "ஒங்களுக்கென்ன, போனவ எம் பொண்டாட்டிதான" என்றார்.

டிசம்பர் 2

ஏரிச் சாலையில் நின்ற ஜீப்பிலிருந்து ஒருவன் தீப்பெட்டி கேட்டான். நிமிர்ந்தேன். பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அவன்தான்.

இடது புருவத்தில் தழும்பே இல்லை.

அன்று பார்த்தது ரத்தக் கோடா? நெற்றியில் ஒட்டிய ஈர முடியா? எதைப் பார்த்து அப்படி எழுதினேன்?

வண்டி எண்ணோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். "தழும்பு இருக்குன்னதும் நீங்க, இல்லேங்கறதும் நீங்களா?" என்றார் சுந்தரராஜ். ஆனாலும் குறித்துக்கொண்டார்.

இதை எழுதும்போது அவன் முகம் மறுபடி இல்லை.

வண்டி யாருடையது, அன்று ஓட்டியது யார் என்ற விவரம் மதுரைப் போலீஸிடமிருந்து வரவேண்டும். வியாழக்கிழமை வருமாம். அதுவரை சேனாதிபதியை விடமாட்டார்கள்.